ஆணைக்குக் காவல் யார்?

(ஐரோலியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றவுடன் இன்னிசையும் நாடகமும் குழந்தைகளின் நடனமும் நினைவுக்கு வருவது இயல்பு. அவற்றினிடையே கால்மணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். தமிழின் பெருமையைப் பற்றியோ, இரயில்வேயில் தமிழர் ஆற்றிய தொண்டினைப் பற்றியோ பேசலாம் என்று யோசனையும் கூறினார்கள். இரண்டும் இனிய பொருள்களே. எனினும், சில ஆண்டுகளாக நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடக்கும் ஒன்றை இவ்வவையில் சொல்ல இடந்தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். அவர்களும் பெருந்தன்மையோடு இசைந்தார்கள். விழா நாளில் இத்தகைய பேச்சு எதற்கு என்று எவரேனும் எண்ணினால் பொறுத்தருள வேண்டும். நம் குடும்பங்கள் யாவும் ஒருங்கே கூடும் நாள் ஆண்டில் இஃதொன்றே. குடும்பங்களுக்குரிய பேச்சை வேறு எந்நாளில் பேசுவது?

பொருள் இது. வன்முறைக்கு ஆளான ஒருவருக்கு நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை வழங்குகிறது. இன்னார் இவரை அணுகலாகாது, துன்புறுத்தலாகாது என்று அவ்வாணை கூறுகிறது. ஆணை என்பது ஒரு காகிதம். அக்காகிதம் அவரைக் காக்க வேண்டுமாயின், அக்காகிதத்தைக் காக்க வேண்டியவர் யார்?

நாம் வழக்கறிஞர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்ச் சேர்ந்து, கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழித்து வருகின்றோம். ஆதலின் இங்குச் சொல்லப்போவது சட்ட ஆராய்ச்சி அன்று. ஒரு காகிதத்தைப் படிக்காமல் பூட்டி வைத்ததால் விளைந்த தீங்கும், பின்னர் அதனைப் படித்தறிந்ததால் கிடைத்த பாடமுமே ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் காலனியில் குடியிருந்த ஒரு சகோதரிக்கு நேர்ந்ததை முதலில் கூறுவோம். பெயர் வேண்டா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். தையல் வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கணவருடைய குடியும் அடியும் அடுத்த வீட்டார் யாவரும் அறிந்தவை. முதன்முறை அவர் சங்கத்திற்கு வந்து முறையிட்டபோது, நாமும் மற்றும் இரு பெரியோரும் கூடிப் பேசி, கணவரை அழைத்துப் புத்தி கூறி, "பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள், அம்மா" என்று அவரைத் திருப்பி அனுப்பினோம். நல்லதொரு காரியம் செய்தோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் முறை அவர் நம்மிடம் வரவில்லை. அரசின் பாதுகாப்பு அலுவலரை நாடினார். அவர் வழியாக நீதிமன்றத்தை அடைந்தார். இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. கணவர் தம் தமையனார் வீட்டிற்குப் போய்விட்டார். ஆணையின் நகல் ஒன்றை அச்சகோதரி நம்மிடம் கொண்டு வந்து, "அண்ணாச்சி, இது சங்கத்தில் ஒன்று இருக்கட்டும்" என்று கொடுத்தார். மராத்தி மொழியில் இரண்டு பக்கம். நாம் அதனை வாங்கி, பீரோவில் சந்தா இரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம். பத்திரமாய் வைத்தோம் என்றே எண்ணினோம்.

பத்து நாள் கழிந்தபின் அக்கணவர் மாலை வேளைகளில் கட்டடத்தின் வாயிலில் வந்து நிற்கலானார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை, நின்றார். பழகிய முகமாயிற்றே என்று வாட்ச்மேன் உள்ளே விட்டார். ஆணையைப் பற்றி அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் நாமும் கண்டோம். அவர் வணக்கம் சொன்னார். நாமும் வணக்கம் சொல்லிக் கடந்து சென்றோம். அச்சகோதரி தொலைபேசியில் போலீசாருக்குத் தெரிவித்தபோது, "அடித்தாரா? அடித்தால் சொல்லுங்கள்" என்ற விடையே கிடைத்ததாம். ஐந்தாம் நாள் மாலை அவர் படியேறிச் சென்றார். இரும்புக் குழாயினால் அடித்ததில் சகோதரியின் இடக்கை இரண்டு இடங்களில் முறிந்தது. தடுக்க வந்த மூத்த மகனின் நெற்றியும் பிளந்தது.

மருத்துவமனைக்குச் சென்று பார்த்தோம். அழுவார் அல்லது நம்மைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தே சென்றோம். அவர் ஒன்றுதான் கேட்டார். "அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்தீர்களா, அண்ணாச்சி?" நம்மிடம் விடை இல்லை.

மறுநாள் அந்நகலை எடுத்துச் சென்று, உடன் பணியாற்றும் மராத்தி நண்பர் ஒருவரைப் படிக்கச் செய்தோம். கணவர் அக்கட்டட வளாகத்தில் நுழையலாகாது. மனைவி வேலை செய்யும் இடத்திற்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் செல்லலாகாது. நேரிலோ தொலைபேசியிலோ தொடர்பு கொள்ளலாகாது என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. நண்பர் படித்து முடித்ததும் நமக்கு ஒன்று விளங்கியது. ஐந்தாம் நாள் அன்று. முதல் நாள் மாலையே குற்றம் நிகழ்ந்துவிட்டது. நாம் வணக்கம் சொல்லிக் கடந்து சென்றது ஒரு குற்றத்தின் நடுவே!

அன்றுதொட்டுச் சட்டம் கூறுவது யாது என்று ஓய்ந்த வேளைகளில் படித்தும், அறிந்தோரைக் கேட்டும் தெரிந்துகொண்டோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடியும் உதையும் மட்டுமே வன்முறை என்று அச்சட்டம் கருதவில்லை. பாலியல் கொடுமை, இழிசொல், மிரட்டல், உண்ணவும் உடுக்கவும் பொருள் தராமல் வாட்டுதல் ஆகியவற்றையும் வன்முறை என்றே கொள்கிறது. மனைவிக்கு மட்டும் உரியதும் அன்று. ஒரே வீட்டில் உறவால் சேர்ந்து வாழும் தாய், சகோதரி, மகள், மருமகள் ஆகியோருக்கும் உரியது.

இச்சட்டத்தின் 18-ஆம் பிரிவே பாதுகாப்பு ஆணையைப் பற்றியது. வன்முறை செய்பவரையும், அதற்குத் துணை போகின்றவரையும் அது தடுக்கும். பெண்ணின் பணியிடத்திற்கும் குழந்தையின் பள்ளிக்கும் வருவதைத் தடுக்கும். கடிதம், தொலைபேசி, மின்வழிச் செய்தி ஆகிய எவ்வகையிலும் தொடர்பு கொள்வதைத் தடுக்கும். அவளுக்கு உதவி செய்யும் உறவினரையோ பிறரையோ தாக்குவதையும் தடுக்கும். ஆகவே உதவப் போனால் நமக்கு ஆபத்து வருமே என்று அஞ்சுவோரையும் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை தொடங்க வேண்டும் என்பது பொதுவான விதி. முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது மற்றொரு விதி. அவசரமாயின் எதிர்த் தரப்பினர் வருமுன்னரே, பெண்ணின் பிரமாண வாக்குமூலத்தைக் கொண்டு இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். ஆணையின் நகலைக் கட்டணமின்றி அவளுக்கும், அவ்வெல்லைக்குரிய காவல் நிலையத்திற்கும் கொடுக்க வேண்டும். அவளே வேண்டா என்று விண்ணப்பிக்கும் வரையில் பாதுகாப்பு ஆணை நிலைத்து நிற்கும்.

வெளியூரில் வந்து பிழைக்கும் நம்மனோர்க்கு இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. திருமணம் நெல்லையில் நடந்திருந்தாலும், கணவர் தூத்துக்குடியில் இருந்தாலும், பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். ஐரோலியில் அடிபட்டுத் தாய்வீடு சென்றவள் அங்கேயே கொடுக்கலாம். அங்கிருந்து தப்பி இங்குத் தமக்கை வீட்டுக்கு வந்தவள் இங்கேயே கொடுக்கலாம். பிறந்த ஆணை இந்தியா முழுமைக்கும் செல்லும். "வீடு மாமனார் பெயரில் உள்ளது, நீ வெளியேறு" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடாயினும், அவள் குடும்பத்தோடு கூடி வாழ்ந்த வீட்டில் வசிக்க உரிமை கோரலாம் என்று 2020-ஆம் ஆண்டு சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்கு முன்னர், 2016-இல், மும்பையிலிருந்து சென்ற ஹிரல் ஹர்சோரா வழக்கில், வயது வந்த ஆண்மீது மட்டுமே இச்சட்டப்படி முறையிடலாம் என்றிருந்த வரம்பையும் அந்நீதிமன்றம் நீக்கியது. கொடுமை செய்பவர் மாமியாராயினும் நாத்தனாராயினும் அவர் இன்று விதிவிலக்குப் பெற இயலாது.

இத்தனை அழகாய் எழுதப்பட்ட சட்டம், இரண்டு முறிவுகளைத் தடுக்க இயலாமற் போனதேன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை எளிதாய்ச் சொல்லிவிடலாம். ஆயின் சுரைக்காய் ஏட்டிலேயே கிடந்ததற்கு நாமும் காரணம் அன்றோ?

இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று கூறுவோம். தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் கைகாட்டி சிவப்பைக் காட்டுகிறது. அக்கைகாட்டி வண்டியைக் கையால் பிடித்து நிறுத்துவதில்லை. ஓட்டுநர் அதன் பொருளை அறிவார், நிலைய அதிகாரி அறிவார், கேட்டுக்காவலரும் அறிவார். சிவப்பைத் தாண்டி வண்டி சென்றுவிட்டால், மோதல் நேர்ந்ததா, உயிர்ச்சேதம் உண்டா என்று முதலில் கேட்பதில்லை. ஒருவருக்கும் சிறு கீறலின்றி வண்டி நின்றிருந்தாலும், தாண்டியதே பெரும் பிழை. உடனே விசாரணை, ஓட்டுநர் வண்டியிலிருந்து இறக்கப்படுவார். அதனாலேயே கைகாட்டிக்கு மதிப்பு. மோதினால் மட்டும் பார்ப்போம் என்று ஒரு விதி இருக்குமாயின், இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் அஞ்சாமல் வண்டியேற முடியுமா?

பாதுகாப்பு ஆணையும் அத்தகைய கைகாட்டியே. 31-ஆம் பிரிவு கூறுவதைக் கேளுங்கள். பாதுகாப்பு ஆணையையோ இடைக்கால ஆணையையோ மீறுவது தனியொரு குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 32-ஆம் பிரிவு மேலும் கூறுகிறது: அது வாரண்டு இன்றியே போலீசார் கைது செய்யத்தக்க, ஜாமீன் உரிமை இல்லாத குற்றம். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றைக் கொண்டே குற்றம் நிகழ்ந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். "அடித்தால் சொல்லுங்கள்" என்ற விடை சட்டத்தில் எங்குமே இல்லை. அவ்விடையைச் சொன்னவரும் அறியவில்லை. கேட்ட நாமும் அறியவில்லை.

இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டா. செல்வமும் போலீசும் குறைவற்ற அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இதற்குச் சான்றாகக் கூறலாம். கொலராடோ மாநிலத்தின் காசில் ராக் என்னும் ஊரில், ஜெசிகா கொன்சாலெஸ் என்ற பெண்மணி கணவருக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்தார். இவ்வாணையைச் செயற்படுத்த வேண்டும் என்று போலீசாருக்கு இட்ட கட்டளை அதன் பின்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. 1999 ஜூன் 22 அன்று மாலை, வீட்டின் வெளியே விளையாடிக்கொண்டிருந்த மூன்று பெண் குழந்தைகளைக் கணவர் அழைத்துச் சென்றுவிட்டார். தாய் அன்று மாலையிலிருந்து நள்ளிரவு வரை போலீசாரிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். இறுதியில் நிலையத்திற்கே சென்றார். பொறுத்துப் பாருங்கள் என்பதே விடையாய் இருந்தது. விடியுமுன் அக்கணவர் போலீஸ் நிலையத்தின் எதிரே வந்து துப்பாக்கியால் சுட்டு, போலீசாரின் குண்டுக்கு இரையானார். அவருடைய வண்டிக்குள் மூன்று குழந்தைகளும் பிணமாய்க் கிடந்தனர். தாய் வழக்காடினார். ஆணையைச் செயற்படுத்துமாறு போலீசாரைக் கட்டாயப்படுத்தும் உரிமை அரசியல் சட்டப்படி அவருக்கு இல்லை என்று 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சோரவில்லை. 2011-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம், அவரையும் அவர் குழந்தைகளையும் காக்கத் தவறியது அரசின் தவறே என்று அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நியாயம் வந்தது; குழந்தைகள் வரவில்லை.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். ஆணைக்குக் காவலாய் இருக்க வேண்டியவருள் முதல்வர் பாதுகாப்பு அலுவலர். விண்ணப்பம் எழுத உதவுவதும், இலவசச் சட்ட உதவி கிடைக்கச் செய்வதும், தங்கும் விடுதிக்கும் மருத்துவத்திற்கும் அனுப்புவதும் அவருடைய கடமை. காரணமின்றிக் கடமை தவறினால் அவருக்கும் தண்டனை உண்டு என்று சட்டம் கூறுகிறது. ஆயின் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்த பின்னரும், 2025 மே மாதத்தில், பாதுகாப்பு அலுவலர் அமர்த்தப்படாத இடங்களில் ஆறு வாரத்திற்குள் அமர்த்துக என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று. கேட்டுக்காவலர் இல்லாத கேட்டில் கைகாட்டி மட்டும் நின்று பயன் யாது?

வீட்டிற்கு வெளியே நிகழும் வன்முறையின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் இரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குப் புறப்பட்ட இளம்பெண் ஒருவர் காலை வேளையில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடும் வண்டியின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். இரயில்வே ஊழியர் என்ற முறையில் இவ்விரு செய்திகளும் நம்மை உறங்கவிடவில்லை. இரண்டாம் வழக்கில் 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை என்பது பின்னர் வருவது. பாதுகாப்போ முன்னர் வர வேண்டுவது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவது குற்றமே. ஆயின் முதன்முறை ஜாமீன் பெறுவது அவனுக்கு உரிமை. அவன் வெளியே வந்த நாளில் அவளுக்கு அரணாய் நிற்பது எது? குடும்ப உறவு இல்லாத காரணத்தால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குப் பயன்படாது.

இக்குறையைத் தமிழ்நாடு உணர்ந்தது. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998-இல் இயற்றிய சட்டத்தை 2025 ஜனவரியில் திருத்தியபோது, துன்புறுத்துபவன் அப்பெண்ணை நேரிலோ, பிறர் மூலமாகவோ, மின்வழியிலோ தொடர்பு கொள்ளலாகாது என்று பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு அளிக்கும் பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. இத்தகைய ஏற்பாடு நாம் வாழும் மராட்டிய மாநிலத்திலும், நாடு முழுவதிலும் வர வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

சாட்சிகளுக்கும் சிறிது வழி பிறந்துள்ளது. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுமைக்கும் சட்டமாய் நடைமுறைப்படுத்தியது. அச்சுறுத்தலுக்கு ஆளான சாட்சி மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிபதி அதன் தலைவர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடைச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள 15-அ பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஜாமீன் விசாரணை முதலிய நடவடிக்கைகளைப் பாதிக்கப்பட்டவர் முன்கூட்டியே அறியும் உரிமையை அது தருகிறது. அடித்தவன் என்று வெளிவருவான் என அறியாமல் கதவைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கும் ஒவ்வொருவருக்கும் இவ்வுரிமை வேண்டாவா?

"பொய் வழக்குகள் பெருகிவிட்டன, ஆண்களுக்குப் பாதுகாப்பு யார்?" என்று நம் நண்பர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியை நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பு ஆணை ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. அடிக்காதே, அணுகாதே என்று மட்டுமே கூறுகிறது. அடிக்கும் எண்ணம் இல்லாதவர் அதனால் சிறைப்படுவதில்லை. தவறாகப் பிறந்த ஆணை என்றால் முப்பது நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சூழ்நிலை மாறினால் ஆணையை மாற்றக் கோரலாம். வழி இருக்கிறது. முறிந்த கைக்கு மேல்முறையீடு ஏது?

இனி, நம் கடமைக்கு வருவோம். அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். நாம் செய்ய வேண்டியதை யாரிடம் கேட்பது? நாம் வாழும் இப்பகுதிக்கு இது புதிய பாதையும் அன்று. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இலேயே மும்பை போலீஸ் தலைமையகத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் சிறப்புப் பிரிவைத் தொடங்கிற்று. நம் தமிழர் பெருவாரியாய் வாழும் தாராவியில், 1999-இல் தோன்றிய சினேகா நிறுவனம் அப்பகுதிப் பெண்களையே பழக்கி, தெருவில் எவளேனும் துன்புறுவதைக் கண்டால் உதவிக்கு அழைத்துச் செல்லும் தொண்டர்களாக்கியது. பத்துக்குப் பத்து அறையில் வாழ்வோர் அண்டை வீட்டாளுக்காக எழுந்து நடக்கிறார்கள். கட்டடமும் லிப்டும் வாட்ச்மேனும் உடைய நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

ஆகவே சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, பாதுகாப்பு ஆணை பெற்ற பெண் எவரேனும் நம்மிடம் நகல் கொண்டு வந்தால், அதை அன்றே படிக்க வேண்டும். மராத்தி அறிந்தவரைக் கொண்டு அதன் பொருளை அவளுக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

இரண்டாவது, அவளுடைய இசைவு பெற்று, கட்டடத்தின் சொசைட்டிச் செயலாளருக்கும் வாட்ச்மேனுக்கும், வேலை செய்யும் இடத்திற்கும், பள்ளிக்கும் செய்தியைத் தெரிவிக்க வேண்டும். அறியாதவர் கைகாட்டியை மதிக்க மாட்டார்.

மூன்றாவது, ஆணையை மீறி அவர் வந்து நின்ற நாளையும் நேரத்தையும், கண்டவர் பெயரையும், வந்த தொலைபேசி அழைப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுத்தர் பலர் உள்ள சங்கம் இது; இத்தொழிலை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

நான்காவது, முதல் மீறலன்றே இரு பெண் உறுப்பினர்கள் அவளுடன் காவல் நிலையத்திற்குச் செல்ல வேண்டும். 31-ஆம் பிரிவின்கீழ் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் ஒப்பம் பெற வேண்டும். பாதுகாப்பு அலுவலருக்கும் அறிவிக்க வேண்டும். அவசரத்திற்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெற உரியவர். வன்முறை நிகழ்கிறது என்று நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கும் அயலார் மீது வழக்கு எதுவும் செல்லாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஐந்தாவது, உயிருக்கு அஞ்சி வந்தவளைப் பஞ்சாயத்துப் பேசித் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நம் சங்கம் இன்றோடு கைவிட வேண்டும். பிணக்கு வேறு, வன்முறை வேறு. பிணக்கைப் பெரியோர் தீர்க்கலாம். வன்முறையைத் தீர்க்கும் அதிகாரம் நமக்கு எவர் கொடுத்தார்?

இவற்றோடு, பாதுகாப்பு அலுவலர்களைப் போதிய எண்ணிக்கையில், வேறு பணி சுமத்தாமல் அமர்த்த வேண்டும் என்றும், குடும்பத்திற்கு வெளியே துன்புறும் பெண்களுக்கும் பாதுகாப்பு ஆணை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் அரசுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பத் தீர்மானிக்கலாம். கையெழுத்திடும் முதல் கை நம்முடையதாய் இருக்கும்.

காகிதம் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. வெறி கொண்டவன் எந்த ஆணையையும் மிதித்து வருவான். பெண் பிரிந்து செல்லும் நாள்களே அவளுக்கு மிகவும் ஆபத்தான நாள்கள் என்று இத்துறையில் உழைப்போர் கூறுகின்றனர். ஆயினும், நம் காலனியில் அவர் வந்து நின்றது ஐந்து மாலைகள். நான்கு மாலைகள் நமக்குக் கிடைத்திருந்தன. அந்நான்கில் ஒன்றிலேனும் ஒருவர் அக்காகிதத்தைக் கையில் எடுத்திருந்தால் போதும்.

அச்சகோதரி இன்று பிள்ளைகளோடு வேறொரு பகுதியில் நலமாய் வாழ்கிறார். இடக்கை முன்போல் மடங்குவதில்லை. எனினும் தையலை விடவில்லை. அவருடைய இசைவு பெற்றே இதனைப் பேசினோம். "என் பெயரைச் சொல்ல வேண்டா, அண்ணாச்சி. காகிதத்தில் இருந்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டோம். அந்நகல் இப்போது பீரோவில் இல்லை. நாள்தோறும் அலுவலகத்திற்கு எடுத்துச் செல்லும் பையில் இருக்கிறது.